கோட்டுக்கு வெளியே நின்ற ஜீப்

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்களிலிருந்து பெட்ரோல் வாசனை போகவில்லை. எலுமிச்சைத் தோலைத் தேய்த்துப் பார்த்தேன். இப்போது இரண்டும் சேர்ந்து மணக்கின்றன. இந்தக் கையால் சாப்பிட முடியாமல் கரண்டியால் சாப்பிட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இது நல்ல பெட்ரோலின் வாசனை. கெட்டுப்போன பெட்ரோலின் வாசனை வேறு. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்ததுபோல் மூக்கில் ஏறும். அந்த வித்தியாசம் எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. வரும் மாதத்தோடு நீ போய் ஒரு வருடம் ஆகிவிடும். இதற்குமேல் தள்ளிப்போட்டால் எழுதவே மாட்டேன்.

ஸ்கூடாயில் ஆண்டுதோறும் நடக்கும் கார் கண்காட்சியில் பழைய ராணுவ வண்டிகளுக்கென்று ஒரு மூலையைக் கேட்டு வாங்கியவள் நீ. ஏற்பாட்டுக் குழுவினர் ஒதுக்கிய இடம் திடலின் கடைசியில், கழிப்பறைக்குப் பக்கத்தில். தரையோடு தரையாகத் தாழ்த்திய கார்களும் நெஞ்சை அதிரவைக்கும் ஒலிபெருக்கிகளும் முன்னால். ராணுவத்தில் ஓடி ஓய்ந்த வண்டிகள் பின்னால். எனக்கு முகம் சுருங்கியது. நீ சிரித்தாய்.

"நல்ல இடம்டி. மத்த காருங்கள ஆசப்படறவங்க மட்டும்தான் பாப்பாங்க. டாய்லெட்டுக்கு எல்லாரும் வந்துதான ஆவணும்."

வேலையைப் பிரித்துக்கொண்டோம். பேசுவது உன் வேலை, எழுதுவது என் வேலை. வண்டிக்காரர்கள் ஒவ்வொருவரையும் ஆறு தடவை கூப்பிட வேண்டும். ஒருவருக்கு நிழலில் இடம் வேண்டும். இன்னொருவருக்கு இன்னாருடைய வண்டிக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. நீ மலாயிலும் ஆங்கிலத்திலும் உடைந்த ஹொக்கியன் சீனத்திலும் அவர்களைக் கொஞ்சுவாய், அதட்டுவாய், கடைசியில் உன் இஷ்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவாய். நான் கடிதங்கள் எழுதுவேன், இடங்களை அளந்து புல்லில் வெள்ளைக் கோடு போடுவேன், ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் வைக்கிற விவர அட்டையை எழுதுவேன். மலாய், ஆங்கிலம், கீழே தமிழ். தமிழ் வேண்டும் என்றவள் நீ. "எங்கப்பா நின்னு படிக்கணும்" என்றாய்.

உன் அப்பா ராணுவத்தில் ஜீப் ஓட்டியவர். ஓய்வுபெற்றபின் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். குளுவாங் பக்கத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து நீ ஒரு ஜீப்பை மீட்டு, இரண்டு வருடம் சனி ஞாயிறு எல்லாம் அதற்கடியில் படுத்துக் கிடந்து, ஓடவைத்தாய். அதைத் தான் ஓட்டிய வண்டி என்றே அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நீ மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அட்டையில் என்ன எழுதுவது என்று நான் தயங்கியபோது, "உள்ளத எழுது" என்றாய். "உரிமையாளரின் தந்தை ராணுவத்தில் இதே வகை ஜீப்பை ஓட்டினார்" என்று எழுதினேன். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "ம்ம், இதே வகதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நான்தான் அவருக்கு முகம் கொடுக்க முடியாமல் அடுத்த அட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

உன் சட்டம் ஒன்று இருந்தது. சாலை வரி கட்டாத வண்டிகளைப் பார லாரியில் ஏற்றித் திடல்வரை கொண்டுவரலாம். ஆனால் வாசலில் இறக்கிவிட வேண்டும். வாசலில் நான் போட்ட கோட்டைத் தாண்டித் தன் எஞ்சினில் ஓடிவருகிற வண்டிக்குத்தான் உள்ளே இடம். தள்ளிக்கொண்டு வரக் கூடாது, கட்டி இழுக்கக் கூடாது.

முதல் வருடமே அது ஒருவரைக் காயப்படுத்தியது. ஆயர் ஈத்தாமில் பூச்சட்டிக் கடை வைத்திருக்கும் சீன அங்கிள், ராணுவ ஏலத்தில் எடுத்த பெரிய டிரக்கைக் கொண்டுவந்திருந்தார். வாசலில் இறக்கியபோது ஸ்டார்ட்டர் எரிந்துபோயிருந்தது. நாலு பேர் சேர்ந்தால் உள்ளே தள்ளிவிடலாம், தரை சரிவுதான் என்றார். நீ முடியாது என்றாய். "அங்கிள், அடுத்த வருஷம் வாங்க. ஓட்டிக்கிட்டு வாங்க." அவர் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு, வண்டியை மறுபடி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உன்னோடு சண்டை போட்டேன். நான் சண்டை போடுவது அபூர்வம் என்பதால் நீ முதலில் அதைக் கவனிக்கவே இல்லை; ரசம் கேட்டுக்கொண்டிருந்தாய்.

"மனசே இல்லையா உனக்கு? வயசானவரு. அவ்ளோ தூரத்திலேருந்து வந்தாரு."

"காலையில அந்த பச்ச ஜீப்புக்காரரு போருக்குப் போன வண்டின்னு எழுதச் சொன்னாரே. எழுதுனியா?"

"அத்தாட்சி இல்ல. எப்படி எழுதுறது?"

"அவரு மட்டும் வயசானவரு இல்லையா? மூஞ்சி எப்படிப் போச்சு பாத்தியா?" என்றாய். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே, "நீ அட்டையில பொய் எழுத மாட்ட. நான் மட்டும் புல்லுல பொய்ய நிறுத்தி வைக்கணுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் நீ சொன்னதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைக் காட்ட அன்று முழுவதும் பேசாமல் இருந்தேன். என் வழக்கமே அதுதான் என்பதால் உனக்கு அதுவும் தெரிந்திருக்காது. அடுத்த வருடம் அங்கிள் டிரக்கை ஓட்டிக்கொண்டே வந்து, கோட்டின்மேல் நின்று, திடல் திரும்பிப் பார்க்கும்படி ஹாரன் அடித்தார். நீ சல்யூட் வைத்தாய்.

உனக்கு உடம்பு முடியாமல் போனதும் ஜொகூர் பாருவில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ கேட்டது ஒன்றே ஒன்று. "ஜீப்ப மாசத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி வை. இருபது நிமிஷம் ஓடணும். அஞ்சு நிமிஷத்துல நிறுத்திட்டு ஓடிடாத." நான் சரி என்றேன். "எழுதி வச்சுக்கோ" என்றாய். எழுதியும் வைத்துக்கொண்டேன்.

நீ இருந்தவரை போனேன். நீ போனபின் ஒரே ஒரு தடவை போனேன். உன் அப்பா காப்பி கலந்துகொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் பேசுகிறவள் நீ. நாங்கள் இருவரும் கேட்கிறவர்கள். காப்பி ஆறும்வரை இரண்டு பேரும் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜீப்பை நினைவுபடுத்த எனக்கு வாய் வரவில்லை, சாவியை எடுத்துத்தர அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதம் வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த மாதம் காரணம்கூடத் தேடவில்லை. அப்படியே எட்டு மாதம் போய்விட்டது.

கண்காட்சி வந்தது. குழுவினர் என்னைக் கூப்பிட்டு, இந்த வருடம் ராணுவ மூலை உண்டா இல்லையா என்றார்கள். உண்டு என்று சொல்லிவிட்டேன். வண்டிக்காரர்களை நானே கூப்பிட்டேன். ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். எல்லாரும் வருகிறேன் என்றார்கள். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: அவளுடைய ஜீப் வருமா? வரும் என்றேன். நடுவில், ஒன்றாம் எண் இடத்தை அதற்கு ஒதுக்கினேன்.

உன் அப்பாவிடம் கேட்டபோது, "ஓடும்மா, நல்லா ஓடும்" என்றார். பாட்டரிகளை மாற்றினார். டயருக்குக் காற்று அடித்தார். தார்ப்பாயைக் கழற்றித் துவைத்தார். கண்ணாடியில் முகம் பார்க்கலாம், அப்படித் துடைத்து வைத்திருந்தார். வீட்டு வாசலில் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, திணறிக்கொண்டு சத்தம் வந்ததும் நிறுத்திவிட்டார். அவரால் அதற்குமேல் கேட்க முடியவில்லை என்று நினைக்கிறேன். தொட்டியில் கிடந்த பெட்ரோலைப் பற்றி அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அன்று காலை பார லாரி அதை வாசலில் இறக்கியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்தடி. உன் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. மறுபடி இருமியது. சுற்றிச் சுற்றிப் பாட்டரி இறங்கியதுதான் மிச்சம். முன்வரிசைக் கார்க்காரர் ஒருவர் பாட்டரி ஒயரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "இது இருபத்து நாலு வோல்ட்டு தம்பி, ஒங்க காரு பத்தாது" என்றார் உன் அப்பா. ஆயர் ஈத்தாம் அங்கிள் சொல்லாமலே தன் டிரக்கைத் திருப்பிக்கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். அதுவும் இருபத்து நாலு வோல்ட். ஒயரைப் பொருத்தினார்கள். இந்தத் தடவை எஞ்சின் நன்றாகச் சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை.

உன் அப்பா பானெட்டைத் திறந்து, பெட்ரோல் வருகிற குழாயைக் கழற்றி, விரலில் நனைத்து முகர்ந்தார். பிறகு அந்த விரலை என்னிடம் நீட்டினார்.

"மிஞ்ஞாக் கெட்டுப்போச்சும்மா. பெட்ரோலு நின்னே கெட்டுப்போச்சு. கார்பரேட்டர் பூராவும் பிசின் மாரி ஒட்டியிருக்கும். இப்ப ஆவற வேல இல்ல."

இன்னும் சிறிது நேரத்தில் ஆட்களை உள்ளே விடுவார்கள். அங்கிள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை, நாலு பேர் போதும், தள்ளிவிடலாம் என்று மலாயில் சொன்னார். சட்டையின் கையை மடித்தும்விட்டார். முதல் வருடம் நீ அவரைத் திருப்பி அனுப்பியதை அவர் மறந்திருக்க மாட்டார். அப்படியிருந்தும் முதலில் தோள்கொடுக்க நின்றவர் அவர்தான்.

உன் அப்பா என்னைப் பார்த்தார். "நீதாம்மா சொல்லணும். கோடு ஒன்னோடது."

தள்ளலாம் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஒன்றாம் எண் இடம் காலியாக இருந்தது. அந்த ஜீப்பைப் பார்க்க வருகிறவர்கள் இருந்தார்கள். கழுவித் துடைத்த வண்டியும் வெள்ளைச் சட்டை போட்ட மனிதரும் எதிரில் நின்றார்கள். ஆனால் தள்ளிவிட்டால், ஓடுகிற வண்டிகளுக்கு நடுவில் ஓடாத ஒன்றை ஓடுவதுபோல் நிறுத்தி, அதற்கு அட்டையும் எழுதி வைத்தவளாகிவிடுவேன். வாழையிலைக் கடையில் நீ கேட்டதற்குப் பதில் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"வேணாம்ப்பா. இங்கயே நிக்கட்டும்" என்றேன்.

 உன் அப்பா சக்கரத்துக்கு அடியில் கட்டையை வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அங்கிள் மட்டும், "அலமாக்" என்று மெல்ல அங்கலாய்த்துக்கொண்டே மடித்த கையை இறக்கிவிட்டார்.

நான் போய் ஒன்றாம் எண் இடத்துக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தேன். எழுதி வைத்திருந்த அட்டையைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் மூன்று மொழியிலும் எழுதினேன். தமிழில் இப்படி: "இந்த இடம் வாசலில் நிற்கும் ஜீப்புக்கு உரியது. அதைச் சீராக்கியவர் இப்போது இல்லை. மாதம் ஒருமுறை அதை ஓடவைப்பதாக அவரிடம் சொன்னவர் எட்டு மாதம் அதைச் செய்யவில்லை. அதனால் வண்டி இன்று ஓடவில்லை." என் பெயரையும் எழுதினேன். நான் எழுதிய எத்தனையோ அட்டைகளில் என் பெயர் வந்தது அதில் மட்டும்தான்.

கழிப்பறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் நின்று படித்தார்கள். அதில் நீ சொன்னது சரியாகவே இருந்தது. சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எங்கும் போய் ஒளிந்துகொள்ளவில்லை. ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. படித்தவர்கள் திரும்பி வாசலுக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஜீப்பைச் சுற்றிக் கூட்டம். உன் அப்பா கதவைத் திறந்து ஒரு சின்னப் பெண்ணை உட்காரவைத்துக் கியர் எது, பிரேக் எது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"தாத்தா ஓட்டினதா இது?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

"இதே வக" என்றார்.

மத்தியானம் அவர் உள்ளே வந்தார். அட்டைக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று படித்தார். இரண்டு தடவை. பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"அந்தப் பேனாவக் குடு."

நான் எழுதியதை அடித்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, கடைசி வரிக்குக் கீழே, பஸ் பதிவேட்டில் எழுதுகிற அந்தப் பெரிய கையெழுத்தில் எழுதினார்: "சாவி வைத்திருந்தவரும் செய்யவில்லை." கீழே தன் பெயர்.

"நீ வந்தப்ப சாவிய எடுத்துக் குடுத்துருக்கணும். காப்பியக் குடுத்து ஒக்கார வச்சேன்" என்றார். பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு ஜீப்புக்குத் திரும்பிப் போனார்.

அதற்கடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் தொட்டியைக் காலி செய்தோம். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவ இரண்டு ஞாயிறுகள் ஆயின. நான் திருகாணிகளைக் கழற்றிய வரிசையில் தாளில் எண் போட்டு வைத்தேன். அவர் அதே வரிசையில் திருப்பிப் பூட்டினார். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் போகிறேன். சாவி வாசல் ஆணியில், நான் எடுத்துக்கொள்கிற உயரத்தில் தொங்குகிறது. எஞ்சின் ஓடுகிற சத்தத்தில் பேச முடியாது என்பது எங்கள் இருவருக்கும் வசதி. அவர் ஓட்டுகிற இடத்தில் உட்காருகிறார், நான் பக்கத்தில். காப்பி நடுவில்.

அட்டையை நான் வைத்திருக்கிறேன். அடுத்த கண்காட்சிக்கு அதைப் பழைய பக்கம் தெரியத் திருப்பி வைத்தால் போதும். இந்தப் பக்கத்தை அழிக்கப் போவதில்லை.

இன்று காலை புதிதாகப் பெட்ரோல் ஊற்றும்போது கையில் சிந்திவிட்டது. அதன் வாசனைதான் இது. எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தேன். இருபது நிமிடம் ஆனதும் சொன்னேன். உன் அப்பா சாவியைத் தொட்டார், ஆனால் திருப்பவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும்" என்றார்.