பூட்டுக்கு ஒன்று, சீப்புக்கு ஒன்று

ஐந்தருவியில் பெண்கள் துணி மாற்றுகிற இடத்தில் நேற்று உங்கள் சீப்பைப் பார்த்தேன், மதினி. அதே பச்சை நிறம். ஓரத்தில் பல் ஒடிந்திருந்தது. ஈரத்தலையை முன்னால் தள்ளிப் போட்டு அதால் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவள் பேச்சியக்கா. கீழத்தெருவிலிருந்து உங்களோடு களை பறிக்க வருவாளே, அவளேதான். சாரல் தொடங்கிவிட்டதென்று, சுரண்டையிலிருந்து என் தையல் கடைப் பெண்களைக் கூட்டிக்கொண்டு குளிக்க வந்திருந்தேன். அந்தச் சீப்பைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனசில் நினைத்ததோடு நிற்கிற ஆளா நான்?

“என்னக்கா, தோத்துப் போனவ சீப்பு நல்லா வாருதோ?” என்று கேட்டே விட்டேன்.

அவள் கை நின்றுவிட்டது. சீப்பை முந்தானையில் துடைத்தாள். பிறகு மறுபடியும் துடைத்தாள்.

மாவட்டம் புதிதாகப் பிரிந்த கையோடு நம் இரண்டு கிராமங்களையும் பெரிய ஊரிலிருந்து எடுத்துத் தனி ஊராட்சி ஆக்கினார்கள். முதல் தேர்தல், தலைவர் பதவி பெண்ணுக்கு என்று வந்தது. அண்ணன் உங்களை நிற்கச் சொல்லவில்லை. நீங்களாகத்தான், சோறு போட்டுக்கொண்டே, “நான் நிக்கப் போறேன், ரசம் ஊத்தவா?” என்றீர்கள். அண்ணன் வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

உங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நம் தெருவையும் கீழத்தெருவையும் ரோட்டிலிருந்து பிரிக்கிற கால்வாய்க்கு ஒரு பாலம். மலையில் மழை பிடித்தால், கடக்கக் குறுக்கே போட்டிருக்கிற பனந்தடிக்கு மேலே தண்ணீர் போகும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, நோயாளிக்கு ஆஸ்பத்திரி இல்லை. பெரிய ஊரோடு இருந்தவரை, ‘அடுத்த வருசம்’ என்றே சொல்லி வந்தார்கள். உங்களுக்குச் சீப்புச் சின்னம் கிடைத்தது. அண்ணன் தென்காசி பஜாரில் ஒரு சாக்கு நிறையப் பச்சைச் சீப்பு வாங்கி வந்தான். வீடு வீடாக ஒன்றைக் கொடுத்து, “தலைய வாருங்க, பெறகு பாலத்த நினைங்க” என்றீர்கள். பேச்சு என்றால் அவ்வளவுதான் உங்களுக்கு.

எதிரே நின்றது அரிசி மில் வீட்டம்மா. அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. ஓட்டுக் கேட்டதெல்லாம் அவள் வீட்டுக்காரர், மில் அண்ணாச்சிதான். சின்னம் பூட்டு. அம்மன் கோயிலுக்கு முன்மண்டபம் கட்டித் தருவதாகச் சொல்லி, வீட்டுக்கு ஓர் ஆளைக் கூப்பிட்டு, பூட்டுக்குத்தான் குத்துவோம் என்று சூடத்தை அணைக்க வைத்துச் சத்தியம் வாங்கினார். கேள்விப்பட்டதும் நான் உங்களிடம் ஓடி வந்தேன். நாமும் ஒரு சத்தியம் வாங்கிவிடுவோம் என்றேன்.

“ஓட்டுக்கு எதுக்கு ஏட்டி சாமிய இழுக்கணும்? எனக்குப் போடணும்னு தோணுனா போடட்டும்” என்றீர்கள். அத்தோடு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள்.

ஓட்டு எண்ணுகிற இடத்தில் உங்கள் ஏஜென்டாகக் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றவள் நான். தலைவருக்கான ரோஸ் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். பூட்டு, சீப்பு, பூட்டு, சீப்பு என்றே வந்தது. நடுநடுவே செல்லாது, செல்லாது என்று ஒரு கட்டுச் சேர்ந்தது. அந்தக் கட்டில் எல்லாம் ஒரே கோலம்: பூட்டிலும் ஒரு முத்திரை, சீப்பிலும் ஒரு முத்திரை. நீங்கள் தோற்ற வித்தியாசத்தைவிட அந்தக் கட்டுப் பெரிது. வீட்டுக்கு வந்து சொன்னபோது நீங்கள் அழவில்லை. “எனக்குக் குத்திட்டு, பெறகு மனசு மாறி அதுலயும் குத்தி அழிச்சிருக்காங்க. ஒரேயடியா அவங்களுக்குப் போட்டிருந்தாக்கூட வலிக்காது” என்றீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அதற்குப் பிறகு நீங்கள் கீழத்தெருப் பக்கமே போகவில்லை. களை பறிக்க வேறு ஆட்களோடு போனீர்கள். யாராவது சிரித்தால், ‘நம்மளத்தான் சிரிக்காங்களோ’ என்று என்னிடம் கேட்பீர்கள். சர்க்கரை ஏறி, காலில் புண் வந்து, ஐப்பசி மழையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தபோது உங்களை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் கால்வாயைக் கடந்தார்கள். நாலு பேரும் சூடம் அணைத்த வீட்டு ஆட்கள். இடுப்பளவு தண்ணீரில், “பயப்படாதீங்கக்கா” என்று சொல்லிக்கொண்டேதான் தூக்கினார்கள். நீங்கள் அக்கரை போய்ச் சேரும்வரை முந்தானையால் முகத்தை மூடியிருந்தீர்கள். உயிரோடு திரும்பி வரவில்லை.

இதையெல்லாம் நேற்றுப் பேச்சியக்காவிடம் கொட்டினேன். என்னுடன் வந்த பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேச்சியக்கா மெதுவாகச் சொன்னாள். “யாரு அழிச்சா? ஒருத்தரும் அழிக்கல. மில் அண்ணாச்சிகிட்ட சூடம் அணைச்சிச் சத்தியம் பண்ணியாச்சி. பூட்டுக்குக் குத்தலைன்னா அம்மன் கேப்பா. அதான் அதுக்கு ஒண்ணு குத்துனேன். பெறகு ஒங்க மதினி மொகம் வந்து நிக்கி. அவளுக்குக் குத்தாம எப்பிடி வர முடியும்? அவளுக்கும் ஒண்ணு குத்துனேன். நான் மட்டுமா, எங்க தெருவுல முக்காவாசிப் பேரு அப்பிடித்தான்.”

“ரெண்டு குத்துனா செல்லாதுன்னு தெரியாதா?”

“எவ சொன்னா எங்களுக்கு? அவளுக்கும் விழுந்துரும், சத்தியமும் தப்பாதுன்னு நெனச்சோம். தோத்துட்டான்னு கேட்டு ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. வந்து பேசலாம்னு பாத்தா அவ மொகங்குடுக்கல. என் மேல என்ன கோவம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாமத்தான் இருந்தேன்.”

எனக்குக் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது, மதினி. யாரைத் திட்ட? கோயில் மண்டபம் பளபளவென்று நிற்கிறது. கால்வாயில் அதே பனந்தடிதான் கிடக்கிறது. உங்களைப் பிடிக்காத ஊர் என்று நீங்கள் ஒதுங்கிய ஊர், உங்களை விட்டுக்கொடுக்க முடியாமல் உங்களைத் தோற்கடித்த ஊர். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பேச்சியக்கா கிளம்பும்போது சீப்பை என் கையில் திணித்தாள். “நீ வச்சிக்கோ. எனக்கு இனிமே இதால தலை வார முடியாது” என்றாள்.

அங்கிருந்து நேரே தென்காசிக்குப் போனேன். உங்கள் மகள் அங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். அடுத்த தேர்தலில் நிற்கப் போவதாகப் போன மாதமே என்னிடம் சொல்லியிருந்தாள். வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றவள் நான்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். இந்தத் தடவை ஒவ்வொரு வீட்டிலும் ரோஸ் தாளைக் காட்டி, ஒரு குத்துதான் என்று சொல்லிக் கொடுப்பாளா, சூடத்தை அவளால் என்ன செய்ய முடியும் என்றெல்லாம் நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனேன். அவள் டீயைத் தொடவில்லை. உங்களைப் போலவே கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அம்மாவுக்கு இது தெரியுமா, அத்தை?”

தெரியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சீப்பைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுக்கவும் மனம் வரவில்லை. ராத்திரி முழுக்கத் தலைமாட்டிலேயே கிடந்தது. விடிந்ததும் கடையைக்கூடத் திறக்காமல், அவள் கேட்டதற்குப் பதிலை உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். கீழத்தெரு உங்களுக்கு ஓட்டுப் போட்டது, மதினி.