பொண்ணு வீட்டு பிரிண்டர்

மகாராணிக்கு,

நீ வர்றதுக்குள்ள ஆபீஸ் கிளம்பறேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சுட வெச்சுக்கோ.

மாப்பிள்ளைகிட்ட விவரம் கேட்டு, பொண்ணு வீட்டு பிரிண்டரை நம்ம கம்ப்யூட்டர்ல சேர்த்துட்டேன். இங்க பிரிண்ட் கொடுத்தா அங்க வரும். அது அணைஞ்சிருந்தா, கம்ப்யூட்டர்ல ஸ்பூலர்னு ஒண்ணு அதைப் பிடிச்சு வெச்சிருந்து அப்புறமா அனுப்பும். அவங்களும் நம்ம பிரிண்டரைச் சேர்த்துக்கிட்டாங்க.

சின்ன வயசுல நம்ம பொண்ணு பிரிண்டர் முன்னாடி கையேந்தி நிப்பாளே, சூடா வர்ற பேப்பரைக் கன்னத்துல வெச்சுக்க? அந்த ஞாபகத்துல ஒரு யானைப் படம் அனுப்பினேன். என்கூடத்தான் பேச மாட்டேங்கிறா, யானையோட என்ன சண்டை?

பி.கு: செருப்பு மாட்டும்போது நம்ம பிரிண்டர் தானா ஓடுச்சு. “அப்பா, யானைக்கு வாலைக் காணோம். ஞாயித்துக்கிழமை வர்றோம், வரைஞ்சு வை”ன்னு வந்திருக்கு. எனக்கு எழுத்து மங்குது. மீதியை நேர்ல சொல்றேன்.