இருபது வயதில் கட்டிய ஆத்தா வேஷம்

காலில் சேற்றுப்புண். நேற்றுப் பெரியாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒரு சின்ன டப்பாவில் வெள்ளைக் களிம்பு கொடுத்தார். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் துத்தநாக வாசனை. தேங்காயெண்ணெயில் குழைத்து முகத்தில் அப்புவோமே முத்துவெள்ளை, அதே வாசனை. புண்ணுக்குப் போடாமல் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது, இன்னும் உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. முதலாளிமேல், சினிமாக்காரர்கள்மேல், உன் அப்பாமேல், அவர்களைவிட அதிகமாக என்மேல். இப்போதாவது எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரியாமலே போன ஒரு விஷயமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் எனக்கு நிம்மதி இல்லை.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம்தான் நாம் இரண்டு பேரும் புதுக்கோட்டையில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் இருபது வயது. நீ ஆவூரிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து நின்றாய். உன் அப்பா அங்கே மாதா கோயில் உபதேசியார். மகள் நாடகத்துக்குப் போகிறாள் என்று தெரிந்த அன்றே பேச்சை நிறுத்திவிட்டாராம். முதலாளி உன்னைப் பாடச் சொன்னார், நடக்கச் சொன்னார், அடுத்த நாடகத்தில் நீதான் கதாநாயகி என்றார். எனக்குத் தோழி வேஷம். அதில் எனக்கு அப்போது வருத்தம்கூட இல்லை. உன் குரல் அப்படி.

அறந்தாங்கி முகாமில் எல்லாம் மாறிப்போயிற்று. ஆத்தா வேஷம் கட்டுகிற அம்மாவுக்கு அம்மை போட்டுவிட்டது. முதலாளி உன்னிடம் வந்து, "இந்த ஒரு ஊருக்கு மட்டும் கட்டிருத்தா" என்றார். நீ மறுபேச்சில்லாமல் நரைத்த டோப்பாவை எடுத்து மாட்டிக்கொண்டாய். மேடையில் நீ உட்கார்ந்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் கை தரையைத் தேடியது, அப்புறம் இடுப்பு இறங்கியது, கடைசியில்தான் உன் மூச்சு வெளியே வந்தது. முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, "பாத்து உக்காரு ஆத்தா" என்று சொல்லிவிட்டார். கொட்டகையே சிரித்தது. படுதாவுக்குப் பின்னால் முதலாளியும் சிரித்தார். உன் கதாநாயகி வேஷம் அந்தச் சிரிப்போடு போயிற்று.

அந்த வேஷம் என்னிடம் வந்தது. அன்றிலிருந்து நீ எனக்கு ஆத்தா. சமயத்தில் மாமியார், சில ஊரில் பைத்தியக்காரி, பிள்ளையைப் பறிகொடுத்த விதவை, கல்யாணத் தரகு பேசுகிற கிழவி. ஒரு ஊருக்கு என்றது பத்தொன்பது வருஷம் ஆயிற்று. கடைத்தெருவில்கூட உன்னை எல்லாரும் ஆத்தா என்றே கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை, தலைநரைத்த காய்கறிக்காரர், "வாங்க ஆத்தா, என்ன வேணும்?" என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீ கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, "விடுடி" என்பாய்.

அந்த "விடுடி" மாதிரி எனக்கு வேறெதுவும் எரிச்சல் தந்ததில்லை.

கட்டுமாவடித் திருவிழாவுக்குப் போயிருந்தோமே, நினைவிருக்கிறதா? காலையில் உன்னைக் காணோம் என்று தேடிக்கொண்டு கடற்கரைக்கு வந்தேன். ஒரு வயதான அம்மா மணலில் சாக்கு விரித்து நெத்திலி பொறுக்கிக்கொண்டிருந்தார். மகன் போன படகு மூன்று நாளாகத் திரும்பவில்லையாம். யார் யாரோ வந்து ஏதேதோ சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அம்மா நிமிரவில்லை, கையும் நிற்கவில்லை. நீ மதியம் வரைக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், நீயும் நெத்திலி பொறுக்கினாய். சாயங்காலம் படகு வந்துவிட்டது என்று சேதி கிடைத்த பிறகுதான் உனக்குச் சோறு இறங்கியது.

அடுத்த ஊரில், மகன் செத்த சேதி கேட்கிற காட்சியில், நீ அழவில்லை. மடியில் இருந்த முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாய். முதலாளி ஓரத்தில் நின்று அழு, அழு என்று சைகை காட்டிக் களைத்துப்போனார். காட்சி முடிந்ததும், ஜனங்கள் வந்ததே நீ அழுவதைப் பார்க்கத்தான் என்று சத்தம் போட்டார். நீ டோப்பாவைக் கழற்றியபடி சொன்னாய்: "நான் அழுதா அவுங்க பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான் அழாட்டித்தான் அவுங்க அழுவாங்க." வெளியே பெண்கள் பக்கத்தில் மூக்குச் சிந்துகிற சத்தம் அப்போதும் ஓயவில்லை. அவருக்கும் அது காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நோட்டீசில் உன் பெயர் கடைசி வரியை விட்டு ஏறவே இல்லை. "மற்றும் பலர்" என்பதற்கு முந்தின பெயர் நீ.

பொன்னமராவதியில் நடந்ததை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. எனக்கு டைபாய்டு காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. என் வசனம், என் பாட்டு எல்லாம் உனக்கு மனப்பாடம். நீ அன்று தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு முதலாளியிடம் போய், நான் செய்கிறேனே என்று கேட்டாய். பத்தொன்பது வருஷத்தில் நீயாக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். அவர், "ஆத்தா வந்து காதல் பாட்டு பாடுனா ஜனம் சிரிச்சுப்புடும்" என்று சொல்லி, மதுரைக்கு ஆள் அனுப்பி ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் பாயில் படுத்துக்கொண்டு அத்தனையையும் நான் கேட்டேன். அவளே செய்யட்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். அப்போது என் பேச்சுக்கு அந்த மதிப்பு இருந்தது. நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். நீ ஒரு தரம் மேடை ஏறிவிட்டால் எனக்கு அந்த இடம் மிஞ்சாது என்று எனக்குத் தெரியும். அன்று மத்தியானம் நீதான் எனக்குக் கஞ்சி ஊட்டினாய். பூவை அதற்குள் எடுத்திருந்தாய்.

அப்புறம் மெட்ராசிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து உன்னைக் கேட்டபோது, உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். செய்த பாவம் கழிந்தது என்று நினைத்தேன். மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தாய். மேக்கப் போடுவதற்கு முன்னால் நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் போட்டோ எடுத்தார்கள் என்று சொன்னாய். மகன் செத்த தந்தி வருகிற காட்சியாம். முறத்தோடு உட்கார்ந்து உன் விருப்பப்படியே செய்தாயாம். எப்படி வந்திருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் எடுத்தாங்க" என்றாய்.

படம் புதுக்கோட்டைக்கு வந்த அன்று நம் சந்தே கிளம்பியது. நீ ஆவூருக்குக் கடிதம் போட்டிருந்தாய். அப்பா, ஒரு தடவை வந்து பாருங்கள் என்று. டாக்கீஸ் வாசலில் பகல் காட்சிக்கு மணி அடிக்கிற வரைக்கும் நின்று பஸ் ஸ்டாண்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் வரவில்லை. உள்ளே போனோம். தந்திக் காட்சி வந்தது. அழுது புரண்டது வேறொரு பெயர் பெற்ற அம்மா. அதற்கு முன்னால் இரண்டே நொடி, முறமும் அரிசியும் இரண்டு கைகளும் மட்டும் திரை நிறைய வந்தன. அவை உன் கைகள். முகத்தை எடுத்துவிட்டுக் கைகளை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைகளைவிட நல்ல கைகள் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. என் பக்கத்தில் நீ அசையாமல் உட்கார்ந்திருந்தாய். வெளியே வந்ததும் நான் கத்தினேன், கடிதம் எழுதிக் கேட்கலாம் என்றேன். நீ அதே "விடுடி"யைச் சொன்னாய். தெரு முனை தாண்டிய பிறகு மெதுவாக, "அப்பா வராததே நல்லதாப் போச்சு" என்றாய்.

கம்பெனி கலைந்தபின் திருவிழா நாடகங்களுக்குத் தனியாகப் போனாய். இருமலோடு போனாய், நான் தடுத்தும் போனாய். போன வருஷம் பெரியாஸ்பத்திரியில் காசநோய் வார்டில் படுத்திருந்தபோது, உனக்கு யார்மேலும் கோபமே இல்லையா என்று கேட்டேன். "கோவப்பட்டு என்னடி செய்ய" என்றாய். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அவரு படத்துக்காச்சும் வந்திருக்கலாம்" என்றாய். அதற்கப்புறம் அவரைப் பற்றி நீ பேசவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு நான்தான் நோட்டீஸ் அடித்தேன். அச்சகத்தில் போட்டோ கேட்டார்கள். வீடு முழுக்கத் தேடினேன். இருந்த மூன்று படத்திலும் நீ கிழவி. டோப்பா, நெற்றியில் கரிக்கோடு, கருப்படித்த பல். மற்ற நேரத்தில் யாராவது படம் எடுக்க வந்தால், வேஷத்தோடு இருக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நீதான் ஒவ்வொரு முறையும் பின்னால் நகர்ந்து நின்றாய். வேறு வழியில்லாமல் அதில் ஒன்றைக் கொடுத்தேன். நோட்டீசை வாங்கிப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றுபோல், "வயசான கட்டைதானே, கல்யாணச் சாவு" என்றார்கள். அவளுக்கு முப்பத்தொன்பது வயசு என்று நான் ஒவ்வொருவராகச் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். ஒருவர் என்னையும் நோட்டீசையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பூசைக்கு உன் அப்பா வந்திருந்தார். நோட்டீசைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். "இது யாரோ கெழவிம்மா. எம்மக மொகம் உள்ள படம் ஒண்ணு இருந்தாக் குடு" என்றார்.

அதற்காக நான் அலைந்த அலைச்சலை நீ கேட்க வேண்டும். கீழ ராஜவீதி ஸ்டூடியோவில் பழைய கண்ணாடித் தகடுகளை எல்லாம் புரட்டினேன். முதலாளி வீட்டில் இரண்டு நாடகப் படங்கள் கிடைத்தன. இரண்டிலும் உன் முன்னால் நான் நின்று மறைத்துக்கொண்டிருக்கிறேன். மேக்கப்புக்கு முன்னால் எடுத்த அந்தப் போட்டோக்களைக் கேட்டு சினிமாக் கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. நானே ரயிலேறினேன். கம்பெனி மூடி வருஷக்கணக்கில் ஆகிவிட்டது என்றார்கள். கணக்கப்பிள்ளையாக இருந்தவர் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். பாவம், அவர் பெட்டியெல்லாம் இறக்கித் தேடினார். எந்த வேஷம் என்று கேட்டார். ஆத்தா வேஷம் என்றேன். முகம் மலர்ந்து உள்ளே போய் ஒரு படத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அது அந்தப் பெயர் பெற்ற அம்மாவின் படம்.

வெறுங்கையோடு ஆவூருக்குப் போய் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு மெல்ல, "அந்த சினிமாவுல கைதான வந்துச்சு" என்றார். எனக்குப் புரியவில்லை. கடிதம் கிடைத்ததும் பஸ் ஏறி வந்திருக்கிறார். வாசலில் நீ நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். விளக்கணைத்த பிறகு உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். உன் வலது மணிக்கட்டில் தழும்பு இருக்குமே, ஏழு வயதில் கோயில் மெழுகுதிரி சாய்ந்து பட்டது, அதை வைத்து அடையாளம் கண்டிருக்கிறார். படம் முடியும் முன்பே எழுந்து போய்விட்டாராம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வயதுகூடப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, அவள் சாகிற வரைக்கும் நீங்கள் வரவில்லை என்றே நினைத்துக்கொண்டு போனாளே என்று கேட்டேன். "வெக்கமாப் போச்சும்மா. உபதேசியாரு சினிமாக் கொட்டகையில நின்னாருன்னு ஊரு பேசும்னு நெனச்சேன்" என்றார்.

கேட்டுக்கொள். அவர் வந்தார். உன்னை அடையாளம் கண்டுகொண்டார்.

கிளம்ப எழுந்தவளை அவர் உட்காரச் சொன்னார். இருபது வயதுக்கு அப்புறம் உன்னைக் கிட்டத்தில் பார்க்கவில்லை என்றார். வாயாலாவது சொல்லு என்றார். சொன்னேன். புருவம் அடர்ந்து நடுவில் சேர ஆரம்பித்ததை, சிரிக்கும்போது இடது கன்னத்தில் மட்டும் விழுந்த குழியை, கடைசி வருஷத்தில் கழுத்து மெலிந்ததை. குழி சின்ன வயதிலேயே உண்டு என்றார் அவர். எனக்குப் படம் வரையத் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே வரைந்து கொடுத்திருப்பேன். உன் சொந்த முகம் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை யாருக்கும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

கடைசியாக அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "முடி நரைச்சுப் போயிருந்துச்சாம்மா?"

"ஒண்ணுகூட நரைக்கலய்யா," என்றேன். "நான்தான் கடைசியா வாரி முடிஞ்சு விட்டேன். நல்ல கருப்பு."