மாடி வீட்டுச் சாவி என் பையில்

என்னங்க,

நேற்று நீங்கள் புகை இழுக்கிற ஃபேன் வாங்கி வந்தபோது, "நம்ம சமையக்கட்டுக்கா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"மாடிக்குத்தான்டி. புகை அடைச்சா குடி வர்றவங்க நிப்பாங்களா?"

"நான் நின்னுகினுதானே கீறேன்?"

"நீ இன்னா வாடகையா குடுக்கற?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பொதட்டூர்பேட்டையில் அக்காவைப் பார்க்கப் போகிறேன். சாயங்காலம் வந்துவிடுவேன். கத்திரிக்காய்க் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. நீங்களே சுடவைத்துச் சாப்பிடுங்கள். அந்தப் புகையில் ஐந்து நிமிஷம் நின்றால் தெரியும்.

பதினோரு மணிக்கு மாடி வீட்டைப் பார்க்கப் பள்ளிப்பட்டு டீச்சர் குடும்பம் வருகிறது. புது டைல்ஸ், நல்ல காற்று, ஜன்னலைத் திறந்தால் மலைக்கோயில் என்று வாய் நிறையச் சொல்வீர்கள். வீட்டுக்காரர்களான நாம் எட்டு வருஷமாக ஜன்னலே இல்லாத பின்கட்டில் பகலிலும் லைட் போட்டுக்கொண்டு இருப்பதையும் சொல்லுங்கள்.

ஆனால் மாடியைத் திறந்து காட்ட முடியாது. சாவி என் பையில் இருக்கிறது. வாசலில் தொங்கிய 'வீடு வாடகைக்கு' போர்டு கட்டிலுக்கு அடியில்.

புஷ்பலதா

மோட்டார் போட மறக்காதீர்கள். உங்கள் பி.பி. மாத்திரை டிவி மேல் இருக்கிறது, கோபத்தில் விட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொரு குடித்தனம் காலி செய்யும்போதும் கேட்க நினைத்து விழுங்கியிருக்கிறேன். வாடகை குறைந்தால் குறையட்டும், டீச்சருக்குப் பின்கட்டைக் காட்டுங்கள். மாடிக்கு நாம் குடிபோகலாங்க.