ஏழாவது வாரம்

30 ஜனவரி 1953, வெள்ளி
என் மனைவி கமலவேணி தாய்மை அடைந்த செய்தியைச் சொல்ல, தங்கா பத்துவில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு இன்று புறப்பட்டோம். முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியும் முன்பே ரப்பர்த் தோட்டத்து வேலிக் கேட்டில் நின்றோம். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொண்டுபோகிறார்களா என்று போலீஸ் சோதனை. பெண்கள் வரிசை நகரவே இல்லை. மேற்கே நிலாவில் பாதியைக் காணோம். கிரகணம்.

மரங்களில் பால் வெட்டப் போக நின்ற பக்கத்து வீட்டு இருசம்மாள் பதறினாள். "டிரசரய்யா, மாசமா இருக்கிற புள்ளைய இப்படியா நிறுத்துவீங்க? உதடு பொளந்து பொறக்கும்யா!"

"கிரகணத்துக்கு என் டிஸ்பென்சரியில மருந்து இல்லக்கா" என்றேன்.

வரிசையே சிரித்தது. கமலவேணி சிரிக்கவில்லை.

1 பிப்ரவரி
வைத்தியப் புத்தகத்தை எடுத்தேன். கருவில் முகம் முதலில் தனித்தனித் துண்டுகள்தான். கன்னப்பக்கத்துச் சதையும் மூக்கிலிருந்து இறங்கும் சதையும் ஆறாம் ஏழாம் வாரத்தில் ஒட்டினால் மேலுதடு. அண்ணத்தின் இரண்டு தட்டுகளும் நாக்கின் இருபுறமும் தொங்கிக்கொண்டிருக்கும். நாக்கு இறங்கியதும் நிமிர்ந்து, பன்னிரண்டாம் வாரத்துக்குள் சேர்ந்துவிடும்.

எண்ணிப் பார்த்தேன். இது ஏழாவது வாரம்.

கிரகணம் பற்றி ஒரு சொல் இல்லை. சில குடும்பங்களில் தொடர்ந்து வரும் என்று மட்டும் இருந்தது. அந்த வரியோடு மூடிவிட்டேன்.

9 மார்ச்
பன்னிரண்டு வாரம் முடிந்தது. ஒட்டியிருந்தால் ஒட்டியிருக்கும். தெரிந்துகொள்ளத்தான் இன்னும் ஆறு மாதம்.

19 மே
"அன்னிக்கு நான் வெளிய வந்தது தப்புதானே?" சோறு போட்டுக்கொண்டே கமலவேணி கேட்டாள். இல்லை என்றேன். மீதியைச் சொல்லவில்லை.

என் மீசைக்கு அடியில் இருக்கும் தழும்பு சைக்கிளிலிருந்து விழுந்ததால் வந்தது என்றுதான் அவளுக்குத் தெரியும். நான் பிளந்த உதட்டோடு பிறந்தவன். ஐந்து வயதில் தைத்தார்கள். சொல்லியிருக்கணும். கல்யாணத்துக்கு முன்னாலயே சொல்லியிருக்கணும்.

4 செப்டம்பர்
பெண் குழந்தை. உதடு பிளந்திருக்கிறது. சுண்டுவிரலை வாய்க்குள் விட்டுப் பார்த்தேன். அண்ணமும் சேரவில்லை.

9 செப்டம்பர்
குழந்தையால் உறிஞ்ச முடியவில்லை. பாலைப் பீய்ச்சிக் கரண்டியால் ஊட்டினால் மூக்கு வழியாக வருகிறது. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர், எடை ஏறினால்தான் தைக்க முடியும் என்றார். எடை இறங்குகிறது.

பார்க்க வந்த பெண்கள் எட்டவே நின்றார்கள். "நான் அன்னிக்கே சொன்னேன்லா" என்றாள் இருசம்மாள். கமலவேணி ஆமாம் என்று தலையாட்டினாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

12 செப்டம்பர்
சொல்லிவிட்டேன்.

மீசையை விலக்கித் தழும்பைப் பார்த்தாள். அழவில்லை. "இத்தனை மாசமா பழிய நான் சுமந்தேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க."

மன்னிப்புக் கேட்டேன்.

"என்கிட்ட மட்டும் சொன்னா போதுமா?"

14 செப்டம்பர், திங்கள்
காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், எல்லார் முன்னிலும் சொன்னேன். இது என் வழியாக வந்தது, அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று. இருசம்மாள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு தன் மர நிரைக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கமலவேணி கரண்டியை என்னிடம் நீட்டினாள். "இனிமே நீங்க ஊட்டுங்க."

இரண்டு கரண்டி இறங்கியது. மூன்றாவது மூக்கால் வந்தது. துடைத்துவிட்டு நான்காவதை எடுத்தேன். கமலவேணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.