ம் கொட்டக் கூடாது

செப். 23, 1996. திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். வானம் மழை வருவது போல் பாவ்லா காட்டியதோடு சரி. 29சி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைக்கு நடந்த நல்லது அது ஒன்றுதான்.

ரேடியோ வகுப்பு. வாட்ச்மேனிடம் நான் எடுத்த பயிற்சிப் பேட்டியை சார் எல்லோர் முன்னாலும் போட்டார். வாட்ச்மேன் பேசப் பேசப் பின்னாலேயே என் குரல். ம்... ம்... ம்ம்... எவனோ எண்ணியிருக்கிறான், நாற்பத்தொரு ம். ஒரே சிரிப்பு. சார் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

"ஏம்மா, பேட்டி எடுக்கறியா, கதை கேக்கறியா? கேள்வியைக் கேளு. அப்புறம் வாயை மூடிட்டுத் தலையை மட்டும் ஆட்டு."

ஆட்டிக் காட்டினேன். பின் பெஞ்சிலிருந்து: "மச்சி, பூம்பூம் மாடுடா."

எங்கள் வீட்டில் ம் கொட்டாவிட்டால் பேச்சு நின்றுவிடும். "நான் என்ன சுவத்துக்கிட்டயா பேசுதேன்?" என்பாள் அம்மா. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். இரண்டு வாரத்தில் எப்படி விடுவது?

அடுத்த வெள்ளிக்குள் பத்து நிமிட நிகழ்ச்சி ஒன்று கொடுக்க வேண்டும். வருவதில் மூன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அதைச் செய்தவர்களுக்கு மட்டும் அடுத்த செமஸ்டரில் ரேடியோ, மற்றவர்களுக்குப் பத்திரிகை. நான் திருநெல்வேலியிலிருந்து கிளம்பி வந்ததே ரேடியோவுக்குத்தான்.

இரண்டிரண்டு பேராகச் சேரச் சொன்னார். சேர்ந்தார்கள். வகுப்பில் இருபத்தொரு பேர். "நீ தனியாவே பண்ணிடுவே" என்றார் என்னிடம், ஏதோ பாராட்டு மாதிரி.

வாங்க வேண்டியது: சோப்பு, பெரிய பேட்டரி நாலு, இன்லண்ட் லெட்டர்.

செப். 25, புதன்

கையெழுத்துப் போட்டு டேப் ரெக்கார்டர் வாங்கியாயிற்று. தோளில் மாட்டினால் ஆளே ஒரு பக்கம் சாய்கிறது. கேசட் எண் 14. அடுத்த வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு யாராவது அதன் மேலேயே பதிவார்கள்.

மத்தியானம் ஊரூர் குப்பம். தேசம்மாக்கா, ஐம்பது வயதிருக்கும். அடையாறில் தெருத்தெருவாக மீன் கூடை தூக்குபவர். போன வாரம் பஸ் ஸ்டாப்பில் பழக்கம். வெயில், படகு நிழல், பக்கத்தில் வலை. எல்லாம் சரியாக இருந்தது. நானும் சார் சொன்னபடி வாயை இறுக மூடித் தலையை ஆட்டினேன்.

மூன்று நிமிடம்தான் ஓடியது.

"இன்னா கண்ணு, நான் தொண்ட தண்ணி வத்த பேசிக்கினு கீறேன், நீ பாட்டுக்கு கம்முனு கீறே. காதுல வுழுதா இல்லியா?"

"விழுதுக்கா."

"வுழுந்தா ம்முனு சொல்லேன்."

மைக்கைக் காட்டி விளக்கினேன். சரி சரி என்றார். ஆனால் அதற்கப்புறம் அவர் பேச்சில் உயிரே இல்லை.

"காலைல எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"நாலு."

"எழுந்ததும்?"

"கடலாண்ட போவேன்."

அவ்வளவுதான். அறைக்கு வந்து போட்டுக் கேட்டேன். அலைச் சத்தம் பிரமாதம்.

செப். 27, வெள்ளி

சாயங்காலம் ஐந்து மணிக்கு நூலகத்தில் "புத்தகம் திங்கட்கிழமை தரேன்" என்றேன். இனி திங்கள் வரை பேச்சில்லை. போன வாரமும் இப்படித்தான். மாமியைக் கணக்கில் சேர்க்க முடியாது. மயிலாப்பூரில் என் அறைக்குக் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர். மாமி பேசுவார், நான் கேட்கவேண்டும். பதில் வந்ததா என்று மாமி பார்ப்பதே இல்லை.

செப். 29, ஞாயிறு

எஸ்.டி.டி. பூத். அம்மா பக்கத்து வீட்டு ஃபோனில். மாமா மகள் கல்யாணம், தண்ணீர் வராதது, அப்பா முட்டி வலி. திடீரென்று:

"ஏட்டி! இருக்கியா? லைன் கட்டாயிட்டோ? ஹலோ!"

கண்ணாடிக் கதவில் என்னையே பார்த்தேன். ரிசீவரைப் பிடித்தபடி தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். பழகிவிட்டது! சாருக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார்.

"இருக்கேம்மா."

"சத்தத்தயே காணும்லா, பயந்துட்டேன். பிரெண்டுக நெறய கெடச்சிட்டாளுவளா?"

"நெறைய."

வெளியே வந்து மீதிச் சில்லறையை எண்ணினேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக். 1, செவ்வாய்

போனால் போகிறது என்று மறுபடி குப்பம். இந்தத் தடவை ம் கொட்டினேன். தாராளமாக.

கொட்டக் கொட்ட வந்தது. மணலில் நடக்கும் ஏலம். புருஷன் வாங்கிய படகு, அவர் போனபின் அதை விற்றது. அடுக்குமாடி அம்மாக்கள். "செவுளத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு, ஃப்ரெஷ்ஷான்னு கேக்குது. உசுரோட ஓணும்னா நீயே எறங்கிப் புடிச்சுக்கோன்னுட்டேன்." இருவரும் சிரித்தோம். சைடு ஏ தீர்ந்தது, திருப்பிப் போட்டேன்.

பேட்டி முடிந்தது. ஸ்டாப்பை அழுத்தக் கை போனபோது, "ஆமா, நீ யாரு கூட கீறே இந்த ஊர்ல?" என்றார்.

"யாரும் இல்லக்கா" என்று ஆரம்பித்தேன்.

ஸ்டாப்பை அழுத்தவே இல்லை.

வீட்டு வாசலில் மாமி: "என்னடியம்மா, மீன் நாத்தம் குடலைப் பிடுங்கறது! செருப்பைக் கையில எடுத்துண்டு பின்பக்கமா வா." பின்பக்கமாகப் போனேன். துப்பட்டாவை இரண்டு தடவை சோப்புப் போட்டும் வாசனை போகவில்லை.

அக். 2, புதன். விடுமுறை

இயர்ஃபோனில் சைடு பி கேட்டேன். என் குரல், பதினொரு நிமிடம். மத்தியானச் சாப்பாட்டை மாடிப்படியில் தனியாகச் சாப்பிடுவது. யாராவது கடந்து போனால் புத்தகத்தைத் திறந்துகொள்வது. அம்மாவிடம் "நெறைய" என்று சொன்னது. நடுவில் மூக்கை உறிஞ்சும் சத்தம். என்னுடையது.

இடையிடையே தேசம்மாக்கா: "ம்." அலை. "ம். அப்பறம்?"

சும்மா கேட்கவில்லை, இடம் பார்த்துக் கொட்டியிருக்கிறார். ஜூலையிலிருந்து எனக்கு யாரும் ம் கொட்டவில்லை. இதை நினைக்காமலே மூன்று மாதம் இருந்திருக்கிறேன். இப்போது நன்றாக அழுதேன்.

அக். 3, வியாழன்

எதைக் கொடுப்பது?

முதல் நாள் பேட்டி: சுத்தம். என் சத்தம் இல்லை. பேச்சும் இல்லை.

இரண்டாம் நாள்: ம் அறுபத்தேழு. (அவன்கள் எண்ணும் முன் நானே எண்ணிவிட்டேன்.) அதை மட்டும் வெட்டி எடுக்க வழியில்லை. அவர் வார்த்தையின் வாலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

முதல் நாளைக் கொடுத்தால் திட்டு விழாது. ஆனால் அதில் தேசம்மாக்கா இல்லை.

இரண்டாம் நாள் பேட்டியில் பத்து நிமிடத்தைக் கல்லூரி லேபில் வேறு டேப்பில் ஏற்றினேன்.

அக். 4, வெள்ளி

சார் கடைசி வரை கேட்டார். "நீயே எறங்கிப் புடிச்சுக்கோ" என்ற இடத்தில் வகுப்பே சிரித்தது, என்னைப் பார்த்து அல்ல.

"அந்தம்மா பிரமாதம். ஆனா சொல்லியும் நீ கேக்கலியே. இதை எப்படிம்மா ஒலிபரப்பறது?"

பட்டியலில் என் பெயர் இல்லை. பூம்பூம் மாடு என்றவனுடையது இருக்கிறது. "நீ நல்லா எழுதறே, பத்திரிகைல பெரிசா வருவே" என்றார். சரி சார் என்றேன். வயிறு எரிகிறது. இன்னும் எரிகிறது. ஆனாலும் மறுபடி கேட்டால் அதையேதான் கொடுப்பேன்.

கேசட் 14-ஐத் திருப்ப வேண்டும். இனி எவன் கையில் போகுமோ, அந்தப் பதினொரு நிமிடத்தை யாரும் கேட்கக் கூடாது. அழிக்கத் தனி பட்டன் கிடையாது. மைக்கைப் பிடுங்கிவிட்டு ரெக்கார்டைப் போட்டு உட்கார வேண்டும். பேச எவ்வளவு நேரமோ, அழிக்கவும் அவ்வளவு நேரம். லேபில் தனியாக உட்கார்ந்து கேசட் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு அவருடைய ம்-மும் போயிற்று.

மெஷின், கேசட், மைக் ஒப்படைத்தாயிற்று. கையெழுத்து.

அக். 5, சனி

இரவு மழை. காலையில் தெருவெல்லாம் சேறு. துணி காயவில்லை. பத்து மணி வரை படுக்கையில் கிடந்தேன். பிறகு 29சி.

தேசம்மாக்கா படகு ஓரத்தில் குந்தி மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தார்.

"இன்னா கண்ணு, பொட்டி எங்க?"

"குடுத்துட்டேன்க்கா. சும்மா வந்தேன்."

"ம்" என்றார், மீனிலிருந்து கண் எடுக்காமல். "அப்பறம்?"