இருபது மிளகாய்க் குச்சிகள்

அன்புள்ள அக்கா,

தாப்பா ஊரில் நீ வேலை செய்யும் கைப்பேசிக் கடையில் முதலாளி உன்னைப் பேச விடுகிறாரா, இல்லை உன் வாய்க்கும் டாப்-அப் போட வேண்டுமா? நீ சிரிக்க மாட்டாய் என்று தெரியும்.

புந்தோங் வீட்டுக்குப் பின்னால் ஆராய்ச்சிக்காக நீ வளர்த்த மிளகாய்ச் செடிகளைப் பற்றி எழுதுகிறேன். காரம் தரும் மரபணு எந்தச் செடியில் இருக்கிறது என்று பார்க்க, எல்லாவற்றிலும் இலை கிள்ளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாய். மறுநாள், எந்தச் செடி எது என்று தெரிய நீ குத்தி வைத்திருந்த எண் எழுதிய குச்சிகளில் இருபதைத் தொட்டிக்குத் தொட்டி மாற்றி நட்டேன். காய்த்ததும் நீ குழம்புவாய், சிரித்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உன் தலையில் மிளகாய் அரைத்தவன் நான்தான்.

காரம் இருக்காது என்று இலை சொன்ன செடியின் காய் நாக்கைச் சுட்டது. நீ முடிவுகளை இட்டுக்கட்டியதாகச் சொல்லிப் பேராசிரியர் இராஜசிங்கம் உன்னை ஆராய்ச்சியிலிருந்து நிறுத்தினார். அன்றே சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். நீ செடிகளைப் பிடுங்கி எரித்தாய். மறுபடி சோதிக்க ஓர் இலைகூட இல்லை.

நேற்று பஸ் ஏறிப் போய் பேராசிரியரிடம் எல்லாம் சொன்னேன். "அக்கா அனுப்பி விட்டாங்களா? நல்ல கதைலா, தம்பி. செடி எங்க?" என்றார். வீட்டில் சொன்னதும், "இதுலயும் விளையாட்டாடா? அவளே நொந்து போயிருக்கா" என்று அம்மா கரண்டியை ஓங்கினார்.

இனி நீ மட்டும்தான். நம்பினால் என்னை வெறுப்பாய். நம்பாவிட்டால், உன் கைதான் எங்கோ தவறியது என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பாய்.

வெறுத்துவிடு, அக்கா.

உன் தம்பி